சண்டை போடுங்க, பேச்சை மட்டும் நிறுத்தாதீங்க

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

கேஷுவால்ட்டி வாசல்ல நிக்கிற சொந்தக்காரங்க எங்களை அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு: "உள்ள ரெண்டு டாக்டருக்கும் சண்டை நடக்குதே சார், எங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" இதுக்கு ஒரே வரியில பதில் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதனால 1966-ல வந்த ஒரு டிவி தொடரை வெச்சுச் சொல்றேன். அதுலயும் ஒரு டாக்டர் இருக்கார். அவரும் எந்நேரமும் சண்டைதான்.

2/
தொடர் பேரு 'ஸ்டார் ட்ரெக்'. அமெரிக்காவுல என்.பி.சி. சேனல்ல 1966 செப்டம்பர் 8-ல ஆரம்பிச்சு 1969 ஜூன்ல முடிஞ்சது. மூணு சீசன், 79 எபிசோட். எண்பதுகள்ல நம்ம தூர்தர்ஷன்லயும் ஓடுச்சு. இப்ப நாற்பது, ஐம்பது வயசுல இருக்கிற பலருக்கு அந்தக் கூர்மையான காது ஞாபகம் இருக்கும்.

கதை ரொம்ப சிம்பிள். எண்டர்பிரைஸ்னு ஒரு விண்கலம். அது ஊர் ஊரா, சாரி, கிரகம் கிரகமா போகும். போற இடத்துல எல்லாம் ஒரு சிக்கல் வரும்.

3/
கப்பல்ல முக்கியமானவங்க மூணு பேர்.

கேப்டன் கர்க்: முடிவு எடுக்க வேண்டியவர்.
ஸ்பாக்: பாதி மனுஷன், பாதி வல்கன் கிரகத்துக்காரர். எல்லாமே கணக்கு, லாஜிக். முகத்துல சிரிப்பும் கிடையாது, கோவமும் கிடையாது.
டாக்டர் மெக்காய்: கப்பலோட மருத்துவர். பட்டப்பேரு 'போன்ஸ்'. எலும்பை ரம்பம் போட்டு அறுக்குறவர்ங்கிற அர்த்தத்துல அந்தக் காலத்துல சர்ஜனை அப்படி ஒரு பேர் வெச்சுக் கூப்பிடுவாங்க, அதோட சுருக்கம். மனசுல பட்டதை உடனே கொட்டிடுவார்.

ஸ்பாக்கும் மெக்காயும் ஒத்துப்போன எபிசோடை விரல் விட்டு எண்ணிடலாம்.

4/
உதாரணத்துக்கு 1967 ஜனவரியில வந்த ஒரு எபிசோட். ஏழு பேர் போன சின்னக் கலம் ஒரு கிரகத்துல விழுந்துடுது. கேப்டன் கூட இல்ல. பொறுப்பு ஸ்பாக் கையில. கலத்தை மேல கிளப்பணும்னா எடையைக் குறைக்கணும், சிலரை விட்டுட்டுத்தான் போகணும்னு அவர் கணக்குப் போடுறார். மெக்காய் விடல. "செத்தவனை அடக்கம் பண்ணக்கூட நேரம் இல்லையா"ங்கிற ரீதியில பிடிச்சுக்கிறார்.

கடைசியில ஸ்பாக் என்ன பண்றார்னு பாருங்க. மிச்சம் இருக்கிற எரிபொருளை எல்லாம் ஒரே மூச்சா வெளியே விட்டுப் பத்த வெச்சிடுறார். தூரத்துல போற தாய்க்கப்பல் அந்த வெளிச்சத்தைப் பாத்தா தப்பிக்கலாம், இல்லேன்னா எல்லாரும் காலி. கணக்குப்பிள்ளை சூதாடிட்டார். அத்தனை நேரம் காதுக்குள்ள மெக்காய் கத்தாம இருந்திருந்தா அந்த முடிவு வந்திருக்குமாங்கிறது எனக்குச் சந்தேகம்தான்.

5/
இன்னொண்ணு, 1968 ஜனவரி. விண்வெளியில ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்கு ஒரு ராட்சச ஒற்றைச் செல் உயிரி. அமீபா மாதிரி. அதுக்குள்ள ஒருத்தர் போய்ப் பாக்கணும். போனா அநேகமா திரும்ப முடியாது. மெக்காயும் ஸ்பாக்கும் "நான் போறேன், நான் போறேன்"னு அடிச்சுக்கிறாங்க. கர்க் ஸ்பாக்கை அனுப்புறார்.

கிளம்புற நேரத்துல, எனக்கு ஒரு வாழ்த்தாவது சொல்லுங்க டாக்டர்ங்கிறார் ஸ்பாக். மெக்காய் வாயே திறக்கல. கதவு மூடினதுக்கு அப்புறம், யாருக்கும் கேக்காம, மெதுவா சொல்றார்.

அந்தக் காட்சியை எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு எங்க டிபார்ட்மென்ட்தான் ஞாபகம் வரும்.

6/
அதே தொடர்ல ஸ்பாக்குக்குக் கல்யாணச் சடங்கு வருது. வல்கன் வழக்கப்படி மாப்பிள்ளைத் தோழனா நெருங்கின நண்பர்களைக் கூட்டிட்டுப் போகணும். கர்க்கைக் கூப்பிடுறார், அது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். அடுத்து திரும்பி மெக்காயைக் கூப்பிடுறார். தினமும் வம்பிழுக்கிற மனுஷன் அந்த அழைப்பைக் கேட்டு நெகிழ்ந்து போறார்.

இன்னொரு எபிசோட்ல ஸ்பாக்கோட அப்பாவுக்கே மெக்காய்தான் இதய ஆபரேஷன் பண்றார். ரத்தம் குடுக்கிறது ஸ்பாக். யோசிச்சுப் பாருங்க. உங்க அப்பாவோட நெஞ்சைத் திறக்க யாரை நம்புவீங்க? உங்களுக்கு எப்பவும் ஆமாம் போடுற ஆளையா, தப்புன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளையா?

7/
இந்த மூணு பேர் அமைப்புல முக்கியமான வேலை கர்க்கோடது. அவர் ரெண்டு பேரையும் சமாதானம் பண்றவர் இல்ல. ரெண்டு பக்கத்தையும் முழுசாப் பேச விட்டுட்டு அப்புறம் முடிவு எடுக்கிறவர். முடிவு எடுத்ததும் சண்டை நின்னுடும். ரெண்டு பேரும் அதை நிறைவேத்தப் போயிடுவாங்க. தோத்தவர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க மாட்டார்.

நம்ம தமிழ் அறிவியல் புனைகதையிலயும் இந்த ருசி உண்டு. சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா'வுல வர்ற ஜீனோ, ரோபோ நாய். தூர்தர்ஷன்ல தொடராவும் வந்தது. வாலை ஆட்டிட்டுப் போற இயந்திரமா இருந்திருந்தா நாம அதை மறந்திருப்போம். நிலாவைக் கேள்வி கேக்கும், புத்தகம் படிக்கும், எதிர்த்துப் பேசும். அதனாலதான் 'மீண்டும் ஜீனோ'ன்னு ரெண்டாவது தடவை கூட்டிட்டு வர வேண்டியிருந்தது.

8/
சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடம். ராத்திரி ரெண்டு மணி. உசிலம்பட்டிப் பக்கத்துலேர்ந்து 108-ல ஒரு விவசாயி. அறுபதைத் தாண்டின வயசு. மூட்டுவலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கி மாசக்கணக்கா சாப்பிட்ட வலி மாத்திரை இரைப்பையில ஓட்டை போட்டிருக்கு. வயிறு பலகை மாதிரி. பிரஷர் எழுபது. யூரின் வரல.

சர்ஜன் சொல்றார்: "மேடம், ஒவ்வொரு மணி நேரமும் இவர் உயிர் போய்க்கிட்டே இருக்கு. இப்பவே தியேட்டருக்கு எடுக்கணும்."

மயக்க மருத்துவர் சொல்றாங்க: "சார், இந்தப் பிரஷர்ல நான் மயக்கம் குடுத்தா டேபிள்லயே இதயம் நின்னுடும். அப்புறம் எதைத் தைப்பீங்க?"

சத்தம் வெளியில வரைக்கும் கேட்டுச்சு.

9/
இதுல யார் சரி? ரெண்டு பேரும்.

சர்ஜன் பாக்குறது ஓட்டையை. அது அடைபடாத வரைக்கும் கிருமி ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கும். மயக்க மருத்துவர் பாக்குறது இதயத்தை. மயக்க மருந்துகள் பலதும் பிரஷரை இன்னும் இறக்கும். ரெண்டு பேரும் ஒரே ஆளைப் பாக்குறாங்க, ஆனா வேற வேற ஜன்னல் வழியா. ஒரு ஜன்னலை மூடினா அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற ஆபத்து யார் கண்ணுக்கும் தெரியாது.

முடிவு: "ஒரு மணி நேரம் குடுங்க சார், நான் ஏத்திக் காட்டுறேன்." "ஒரு மணி நேரம்தான் மேடம். கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இங்கயே நிப்பேன்." குளுக்கோஸ் இல்ல, சலைன். ஆன்டிபயாடிக், பிரஷர் ஏத்துற மருந்து. ஒரு மணி நேரத்துக்குள்ள பிரஷர் ஏறுச்சு, தியேட்டருக்குப் போனாங்க. பெரியவர் பிழைச்சார்.

விடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒரே கடையில நின்னு பருத்திப்பால் குடிச்சுக்கிட்டு, அடுத்த கேஸைப் பத்தி மறுபடி வாக்குவாதம்.

10/
இப்ப இதுக்கு நேர் எதிரான கதை. சத்தமே இல்லாத தியேட்டர்.

2005, இங்கிலாந்து. 37 வயசுப் பெண், ரெண்டு குழந்தைங்களுக்கு அம்மா. சாதாரண சைனஸ் ஆபரேஷன். மயக்கம் குடுத்ததும் மூச்சுப்பாதை அடைச்சுக்கிச்சு. ஆக்ஸிஜன் இறங்குது. அனுபவமுள்ள மூணு டாக்டர்கள் தொண்டைக்குள்ள குழாய் போட மறுபடி மறுபடி முயற்சி பண்றாங்க. நேரம் போனதே அவங்களுக்குத் தெரியல.

11/
ஆனா அங்க இருந்த நர்ஸ்களுக்குத் தெரிஞ்சிருந்தது. ஒருத்தங்க, கழுத்துல துளை போட்டுக் காத்து குடுக்கிற கருவியைக் கொண்டு வந்து, தயாரா இருக்குன்னு சொன்னாங்க. யாரும் காதுல வாங்கல. இன்னொருத்தங்க ஐ.சி.யு.வுல பெட் சொன்னாங்க. "ஏன் இவ்வளவு அவசரப்படுறே"ங்கிற மாதிரிப் பார்த்த பார்வையில அதை ரத்து பண்ணிட்டாங்க.

13 நாள் கழிச்சு அந்தப் பெண் இறந்துட்டாங்க.

அறிவு அந்த அறைக்குள்ளயே இருந்தது. கருவியும் இருந்தது. "நிறுத்துங்க, இப்பவே கழுத்துல போடுங்க"ன்னு கத்துற ஒரு மெக்காய்தான் இல்ல. கத்தினாலும் கேக்குற ஒரு கர்க்கும் இல்ல.

12/
அந்தப் பெண்ணோட கணவர் ஒரு விமானி. அவருக்கு இது புதுசு இல்ல. ஏன்னா விமானத் துறை இதே பாடத்தை ரொம்பப் பெரிய விலை குடுத்துப் படிச்சிருந்தது.

1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. பனிமூட்டம். ரன்வேயில ரெண்டு ஜம்போ விமானம் மோதி 583 பேர் பலி. மோதுறதுக்குச் சில விநாடி முன்னாடி ஒரு விமானத்தோட ஃப்ளைட் இன்ஜினியர், "முன்னாடி இருக்கிற விமானம் ரன்வேயை விட்டு விலகிடுச்சா?"ன்னு கேட்டார். கேப்டன் ரொம்ப சீனியர். அழுத்தமா "ஆமா"ன்னுட்டார். அதோட அவர் அடங்கிட்டார்.

அதுக்கப்புறம்தான் காக்பிட்ல ஜூனியர் எப்படி மறுத்துப் பேசணும், சீனியர் எப்படிக் கேக்கணும்னு தனியாப் பயிற்சி குடுக்க ஆரம்பிச்சாங்க.

13/
மருத்துவத்துல இது வர 30 வருஷம் ஆச்சு. 2008-ல உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்துச்சு. டெல்லி உட்பட 8 நகரங்கள்ல 8 ஆஸ்பத்திரி, ஏறக்குறைய 7,700 நோயாளிகள். செக்லிஸ்ட்டுக்கு முன்னாடி இறப்பு 1.5 சதவீதம், பின்னாடி 0.8. பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்துலேர்ந்து 7.

அதுல ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கத்தி வெக்கிறதுக்கு முன்னாடி தியேட்டர்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் தன் பேரையும் வேலையையும் சத்தமா சொல்லணும். ஏன்? ஒரு தடவை வாயைத் திறந்து பேசினவங்க, தப்பு நடக்கும்போதும் பேசுவாங்க. ஆரம்பத்துலேர்ந்து ஊமையா நின்னவங்க கடைசி வரைக்கும் ஊமையாத்தான் நிப்பாங்க.

14/
"பேப்பர்ல டிக் அடிச்சா உயிர் பிழைக்குமா டாக்டர்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. கனடாவோட ஒண்டாரியோ மாகாணத்துல 101 ஆஸ்பத்திரிகள்ல இதே மாதிரி செக்லிஸ்ட்டைக் கொண்டு வந்தாங்க. 2014-ல வந்த முடிவு: இறப்புல குறிப்பிடும்படியான குறைவு இல்ல.

என் வாசிப்பு இதுதான். காகிதம் காப்பாத்தாது, பேச்சு காப்பாத்தும். சிஸ்டர் டிக் அடிச்சிட்டு நிக்க, சீஃப் போன் பேசிக்கிட்டே உள்ள வந்தா, அந்தச் செக்லிஸ்ட் சுவத்துல தொங்குற காலண்டர் மாதிரிதான்.

15/
நம்ம ஊருக்கு இது புதுசா? மதுரைக்காரனுக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. பாட்டுல பொருள் குத்தம்னு சிவபெருமானையே எதிர்த்த நக்கீரர் கதை நடந்த ஊர் இது. நெற்றிக்கண் திறந்த பிறகும் வார்த்தையை மாத்தல, பொற்றாமரைக் குளத்துல போய் விழுந்தார். 1965-ல வந்த 'திருவிளையாடல்' படத்தை எத்தனை தடவை பாத்திருப்போம்! இயக்குநர் ஏ.பி. நாகராஜனே நக்கீரரா நடிச்சார்.

படத்துல கை தட்டுறோம். ஆனா வார்டு ரவுண்ட்ஸ்ல ஒரு ஹவுஸ் சர்ஜன் "சார், இந்த பேஷன்ட்டுக்கு பென்சிலின் அலர்ஜின்னு எழுதியிருக்கே"ன்னு கேட்டா, எத்தனை பேருக்கு நெற்றிக்கண் திறக்குது? நக்கீரர் விழறதுக்குக் குளம் இருந்தது. அந்தப் பொண்ணுக்கு இன்டர்னல் மார்க்தான் இருக்கு.

16/
அதுக்காக எல்லாச் சண்டையும் நல்ல சண்டைன்னு சொல்ல வரல.

ஸ்டார் ட்ரெக்ல எனக்கு உறுத்துற இடமும் இருக்கு. மெக்காய் வாதம் தீர்ந்து போச்சுன்னா ஸ்பாக்கோட பச்சை ரத்தத்தையும் காதையும் இழுப்பார். பிறப்பைச் சொல்லிக் குத்துறது. சிரிக்க வெக்கிறதுக்காக எழுதினது. ஸ்பாக்கும் புருவத்தைத் தூக்கிட்டுப் போயிடுவார். அதனால அது சரியாகிடாது.

மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டல்ல இதோட நம்ம ஊர் வடிவம் உண்டு. "நீ எந்தக் கோட்டாடா மாப்ள?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. "ஃப்ரெண்டுதானே, ஜாலிக்குத்தானே"ம்பாங்க. இல்லைங்க. நோயாளிக்கு என்ன மருந்துன்னு சண்டை போடுறது நட்பு. நீ எங்கேர்ந்து வந்தேன்னு குத்துறது நட்பு இல்ல. அதைப் பொறுத்துக்கிட்டவன், அடுத்த தடவை தியேட்டர்ல தப்பு நடக்கும்போது வாயைத் திறப்பானா?

17/
இப்ப கேமராவுக்குப் பின்னாடி வாங்க. அங்கதான் நிஜமான வலி இருக்கு.

கர்க்கா நடிச்சவர் வில்லியம் ஷாட்னர். ஸ்பாக்கா நடிச்சவர் லெனார்ட் நிமோய். ரெண்டு பேரும் 1931 மார்ச்ல நாலு நாள் இடைவெளியில பிறந்தவங்க. ஹீரோ ஷாட்னர்தான். ஆனா ரசிகர் கடிதம் மூட்டை மூட்டையா வந்தது ஸ்பாக்குக்கு. ஹீரோவுக்கு எப்படி இருந்திருக்கும்? செட்ல உரசல். மத்த நடிகர்கள் பலரும் பின்னாடி தங்களோட புத்தகங்கள்ல ஷாட்னர் மேல குறை எழுதினாங்க.

18/
தொடரை உருவாக்கின ஜீன் ராடன்பெரி தலையைப் பிச்சுக்கிட்டு, 1967-ல எழுத்தாளர் ஐசக் அசிமோவுக்கு லெட்டர் போடுறார். அசிமோவ் பதில் எழுதுறார். சாரம் இதுதான்: ரெண்டு பேரையும் பிரிக்காதீங்க, சேர்த்து வைங்க. ஆபத்துல ரெண்டு பேரும் சேர்ந்தே நிக்கட்டும். கர்க்கை நினைச்சா கூடவே ஸ்பாக்கும் ஞாபகம் வரணும்.

அது வேலை செஞ்சது. திரையில மட்டும் இல்ல. தொடர் முடிஞ்சு படங்கள், ரசிகர் கூட்டங்கள்னு சேர்ந்து சுத்தினதுல ஷாட்னரும் நிமோயும் உண்மையாவே நெருங்கின நண்பர்கள் ஆனாங்க. போட்டியில ஆரம்பிச்சு பல பத்தாண்டு நட்பு.

19/
அப்புறம், கடைசி சில வருஷம், நிமோய் பேச்சை நிறுத்திட்டார்.

ஏன்னு ஷாட்னருக்கே சரியாத் தெரியல. தன்னோட ஆவணப்படத்துக்காக நிமோயை அவர் சம்மதம் இல்லாமப் படம் பிடிச்சது காரணமா இருக்கலாம்னு சொல்லியிருக்கார். 2014-ல நிமோய் தனக்கு சி.ஓ.பி.டி. இருக்குன்னு ட்விட்டர்ல சொன்னார். 30 வருஷம் முன்னாடியே சிகரெட்டை விட்டாராம், ஆனா அதுவே தாமதம்னு எழுதினார். (புகைக்கிறவங்க இந்த வரியை ரெண்டு தடவை படிங்க. சேதமான நுரையீரல் பழையபடி திரும்பாது. இன்னைக்கு விட்டா மேல சேதமாகறதாவது மட்டுப்படும்.)

2015 பிப்ரவரி 27-ல இறந்துட்டார். இறுதிச் சடங்குக்கு ஷாட்னர் போகல. முன்னாடியே ஒத்துக்கிட்ட ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சி. மறு வருஷம் தங்களோட ஐம்பது வருஷ நட்பைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். படிக்க வேண்டியவர் இல்ல.

20/
இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோணுறது இதுதான். செட்ல போட்டி, பொறாமை, உரசல் எல்லாம் இருந்தப்போ அந்த உறவு முறியல. என்ன கோவம்னு ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சிருந்தது. ஒருத்தர் மௌனமானப்போ முறிஞ்சுது. அவருக்கு நியாயமான காரணம் இருந்திருக்கலாம். ஆனா அதைத் திட்டியாவது சொல்லியிருந்தா, எதிர்ல இருக்கிறவருக்கு மன்னிப்புக் கேக்கவாவது ஒரு வாய்ப்பு கிடைச்சிருக்கும்.

1982-ல வந்த படத்துல ஸ்பாக் சாகப் போறார். கதிர்வீச்சு அறைக்குள்ள போகும்போது குறுக்க வந்து தடுக்கிறது மெக்காய். அவரை மயக்கமாக்கிட்டு, தன்னோட ஆன்மாவையே மெக்காய் மனசுக்குள்ள இறக்கி வெச்சிட்டுப் போறார். கேப்டன் அப்ப பக்கத்துல இல்ல, அதனாலதான்னு நீங்க சொல்லலாம். இருக்கட்டும். அந்தச் சுமையை அடுத்த படம் முழுக்க மெக்காய்தான் தூக்கிட்டு அலையிறார், வழக்கம் போலப் புலம்பிக்கிட்டே.

21/
சரி, என்ன பண்ணலாம்? ஆஸ்பத்திரி, ஆபீஸ், பள்ளிக்கூடம், எந்த டீமா இருந்தாலும் பொருந்தும்.

சீனியர்களுக்கு: முதல்ல நீங்க கருத்து சொல்லாதீங்க. இருக்கிறதுலயே ஜூனியரை முதல்ல பேச விடுங்க. நீங்க பேசினப்புறம் அவங்க பேசினா அது எதிரொலிதான்.

ஜூனியர்களுக்கு: "நீங்க தப்பு"ன்னு ஆரம்பிக்காதீங்க. "சார், ஆக்ஸிஜன் 70 இருக்கு, எனக்குப் பயமா இருக்கு, அடுத்து என்ன?"ன்னு நம்பரைச் சொல்லிக் கேளுங்க. காதுல விழலைன்னா இன்னொரு தடவை, இன்னும் சத்தமா.

சண்டை போடுறவங்களுக்கு: கெடு வைங்க. "ஒரு மணி நேரம்"னு சொன்ன அந்த மேடம் மாதிரி. கெடு இல்லாத வாக்குவாதத்துல நோயாளிதான் தோப்பார். முடிவு எடுத்தாச்சுன்னா உங்க கருத்து தோத்திருந்தாலும் கை குடுங்க. அன்னைக்கே பேசி முடிச்சிடுங்க.

22/
நோயாளியோட சொந்தக்காரங்களுக்கு: உள்ள சத்தம் கேட்டா, ரெண்டு பேரும் உங்க ஆளுக்காகத்தான் மல்லுக்கட்டுறாங்கன்னு எடுத்துக்கோங்க. வெளியே வந்ததும், "என்ன முடிவு பண்ணீங்க, ஏன்?"னு தயங்காமக் கேளுங்க. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நல்ல டீம் அதுக்குப் பதில் சொல்லும்.

அப்புறம் கடைசியா ஒண்ணு. உங்க டீம்ல ஒரு காலத்துல தினமும் உங்களோட சண்டை போட்டுக்கிட்டு இருந்து, இப்ப "குட் மார்னிங்" மட்டும் சொல்லிட்டுப் போற ஒருத்தர் இருப்பார். இதைப் படிக்கும்போதே அவர் முகம் வந்திருக்கும். இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒரு போன் போடுங்க. என்ன கோவம்னு கேளுங்க. திட்டினா வாங்கிக்கோங்க.

மறுப்பு இருந்தா கீழ எழுதுங்க, சண்டை போடலாம்.